கலசம் இழுத்த அரிசி

கோயில் கலசம் அரிசியை இழுக்கும், வெளிநாட்டில் கோடி கோடியாகக் கொடுத்து வாங்குவார்கள் என்று சொல்லி ஏமாற்றிப் பிழைத்தவன் நான். கலசத்துக்குள் காந்தம், அரிசியில் ஒட்டிய இரும்புத்தூள். வித்தை அவ்வளவுதான். பேராசைக்காரன்தானே ஏமாறுகிறான் என்று நிம்மதியாகத் தூங்குவேன். மகள் அழுது கேட்டுக்கொண்டதால் அதை விட்டேன்.

பேத்திக்கு ரத்தப் புற்றுநோய் என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சொன்னதும், பரணிலிருந்து கலசத்தை மறுபடி இறக்கினேன்.

திருவையாறு பக்கம் ஒரு விவசாயி வீடு. அரிசி நகர்ந்தது, பணம் கைமாறியது. கிளம்பும்போது அவர் மனைவி, "முகம் வாடியிருக்கே, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார். உண்மை வாயில் வந்துவிட்டது. "பேத்திக்கு முடியலைங்க."

சிந்திய அரிசியைக் காலில் மிதிபட விடாத ஊர் இது. அந்த அம்மா தரையில் கிடந்ததை ஒரு மணிகூட விடாமல் பொறுக்கி, துணியில் முடிந்து நீட்டினார். "சாமி இழுத்த அரிசிங்க. புள்ள தலைமாட்டுல வைங்க, எழுந்து ஓடும்."

வரும் வழியில் காவிரிப் பாலத்திலிருந்து அதை எறிய நினைத்தேன். கை வரவில்லை.

வார்டில் மகள் முடிச்சை அவிழ்த்து அரிசியைத் தேய்த்துப் பார்த்தாள். விரலில் கறுப்பு ஒட்டியது. அவளுக்குப் புரிந்துவிட்டது. திட்டுவாள் என்று நின்றேன்.

"இனிமே பண்றதுக்கு ஒண்ணுமில்லைன்னுட்டாங்கப்பா" என்றாள். பிறகு அதைத் திரும்ப முடிந்து, குழந்தையின் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

அதற்குப் பிறகு யாரையும் பேராசைக்காரன் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.