ஓடுபாதையில் விரித்த கல்யாணப் புடவை

திருத்தணியில் விமானத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "எலியாஸ் பெண்சாதியைக் கேளுங்க" என்று கை காட்டிவிடுவார்கள். தபிதாள் அந்த விமானத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஆனால் அதற்காக அவளைப்போல அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தவர்கள் அந்த ஊரில் வேறு யாருமில்லை.

எழுபதுகளில் கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஒரு பொட்டலைச் சமப்படுத்தி மிஷன்காரர்கள் ஓடுபாதை போட்டிருந்தார்கள். சின்ன விமானம், நாலைந்து பேர் நெருக்கி உட்காரலாம். ஆந்திராவின் மலைக்காடுகளில் ரோடு போகாத ஊர்களுக்கு அது மருந்தும் டாக்டரும் கொண்டுபோகும். ஓட்டுகிறவர் வெள்ளைக்காரர், எல்லோருக்கும் பைலட் துரை. எஞ்சினைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக் எலியாஸ். விமானம் போகிற இடமெல்லாம் அவனும் போயாக வேண்டும். நடுக்காட்டில் எஞ்சின் மக்கர் செய்தால் முருகனா மலையிலிருந்து இறங்கி வந்து ஸ்பானர் பிடிப்பார்?

திருவாலங்காட்டுப் பெண்ணான தபிதாளை அவன் சித்திரையில் கட்டிக்கொண்டான். கல்யாணப் புடவை வெள்ளைப் பட்டு, வெள்ளி ஜரிகைக் கரை. பார்த்தவர்கள் கண்பட்டுவிடும் என்றார்கள். அந்தப் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தவள், இனி கிறிஸ்துமஸுக்குத்தான் எடுப்பது என்று முடிவு செய்தாள். கல்யாணமாகி முதல் கிறிஸ்துமஸ். புருஷனும் பெண்சாதியுமாகக் கோயிலுக்கு நடந்து போக வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும். வேறு எந்த ஆசையும் அவளுக்கு இல்லை.

டிசம்பர் வந்தது. வீடு வீடாகக் காகித நட்சத்திரம் ஏறியது. பைலட் துரையின் மனைவி இந்தக் குளிரும் போதாது என்று விசிறிக்கொண்டே, சவுக்குக் கிளையை நட்டு அதில் பஞ்சை ஒட்டி, "எங்க ஊர் பனி" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தபிதாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பண்டிகையும் ஆளும் ஒன்றாக வந்து சேராத வீடுகள்தான் இரண்டும்.

ஏனென்றால் அந்த மாதம்தான் விமானத்துக்கு ஓயாத வேலை. மலை ஆஸ்பத்திரிகளில் இருக்கிற நர்சுகளையும் போதகர்களையும் பண்டிகைக்கு அவரவர் வீட்டில் கொண்டுபோய் இறக்க வேண்டும். ஊரையெல்லாம் வீடு சேர்க்கிற எலியாஸ் தன் வீட்டுக்கு மட்டும் வந்து சேரவில்லை. கடைசியில், இருபத்து நாலாம் தேதி பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள் என்று ரேடியோவில் செய்தி வந்தது.

தபிதாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேலிருந்து பார்க்கும்போதே தான் காத்திருப்பது அவனுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றிவிட்டது. கல்யாணப் புடவையை எடுத்துக்கொண்டு மாலையில் ஓடுபாதைக்குப் போனாள். ஆடுமாடு விரட்டுகிற காவல்காரர் துரைக்கண்ணு டீ குடிக்கப் போயிருந்தார். புடவையை நீளவாக்கில் விரித்தாள். எலியாஸின் வெள்ளை வேட்டியை அதன் குறுக்கே போட்டாள். நாலு முனையிலும் கல் வைத்தாள். கிறிஸ்துமஸுக்கு வருகிற புருஷனுக்குச் சிலுவையைவிட வேறென்ன வரவேற்பு வேண்டும்?

விமானம் வந்தது. தாழ இறங்கியது. அவள் இரண்டு கையையும் ஆட்டினாள். தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றியது. ஜன்னலில் ஒரு முகம்கூடத் தெரிந்த மாதிரி இருந்தது. பிறகு மூக்கைத் தூக்கிக்கொண்டு கிழக்கே போயே போய்விட்டது.

துரைக்கண்ணு தலைதெறிக்க ஓடிவந்தார். "இன்னாம்மா பண்ணி வச்சிருக்கே? குறுக்கால வெள்ளை போட்டா எறங்காதேன்னு அர்த்தம்மா! மழைத்தண்ணி நிக்கச்சொல்ல நான் இப்படித்தாம்மா துணி விரிப்பேன்!"

"எனக்கு யாரும் சொல்லலியே, நைனா" என்றாள் தபிதாள். கல்லைத் தள்ளிவிட்டுப் புடவையை வாரிக்கொண்டு விமானம் போன திக்கில் ஓடினாள். அது மாலை வெளிச்சத்தில் புள்ளியாகி மறைந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள்.

மெட்ராஸ் மீனம்பாக்கத்தில் இறங்கி ரயிலேறி வந்துவிடலாம் என்றிருந்த எலியாஸை அங்கே இன்னொரு செய்தி பிடித்துக்கொண்டது. மலையில் பிரசவக் கேஸ். விடிந்ததும் மறுபடி வடக்கே பறந்தார்கள். தபிதாள் பழைய புடவையில் தனியாகக் கோயிலுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எலியாஸ் டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதிதான் வந்தான். முருகன் மலையில் படித்திருவிழாவுக்குப் போகிற பஜனைக் கோஷ்டிகள் நிறைந்த பஸ்ஸில், அரோகராவுக்கு நடுவே ஒற்றைக்காலில் நின்றுகொண்டு.

"நான்தான் மொதல்ல பாத்தேன்" என்றான் சாப்பிட உட்கார்ந்ததும். "துரை, வெள்ளை போட்டுக்கீது, எறங்காதீங்கன்னு என் வாயாலயே சொன்னேன். திரும்பச்சொல்ல வெயில்ல ஜரிகை மின்னுச்சு. அப்பத்தான் புடவை தெரிஞ்சுது. அது என் வூட்டுக்காரி புடவைன்னு கத்தினேன். பொழுது போயிடுச்சு, ரூல் ரூல்தான்னுட்டாரு."

அவள் சோறு போட்ட கை நின்றுவிட்டது. "அப்போ நீங்க என்னப் பாத்தீங்களா?"

"பாத்தேன். கையை ஆட்டிகினு இருந்தே."

அதற்கப்புறம் அவள் புடவையைத் தரையில் விரிக்கவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உடுத்திக்கொண்டு, காற்றடிக்கும் திசை காட்டுகிற துணிப்பை கட்டிய கம்பத்தடியில் போய் நிற்பாள். பட்டு கட்டிக்கொண்டு ஆடு மேய்க்க வந்தாயா என்று கண்டிகைப் பெண்கள் கேலி செய்வார்கள். சில வருஷம் பண்டிகை கழிந்து வருவான். ஒரு வருஷம் வந்து இறங்கி, தண்ணீர் குடித்துவிட்டு உடனே திரும்பிப் பறந்தான். புடவையின் மடிப்புகள் இற்றுப்போகத் தொடங்கின. ஆண்டவரிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: இந்த விமானம் போய்த் தொலையட்டும், அந்த மனுஷன் வீட்டில் இருக்கட்டும்.

ஆண்டவர் கேட்டுவிட்டார். வெள்ளைக்காரர்கள் இங்கே தங்குவதற்கான அனுமதியைச் சர்க்கார் நீட்டிக்கவில்லை. விமானத்தை வேறொரு தேசத்து மிஷனுக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. அதுவும் ஒரு டிசம்பர் மாதம்தான். பைலட் துரை எலியாஸைக் கட்டிக்கொண்டார். "நான் கிளம்பினதும் குறுக்கே வெள்ளை போட்டுடு. தெரியாம யாரும் வந்து எறங்கிடக் கூடாது" என்றார்.

விமானம் எழும்பிக் கிழக்கே போனது. எலியாஸ் சுண்ணாம்பு வாளியைத் தூக்கினான். தபிதாளும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடவே கோடு போட்டாள், அதே கல்யாணப் புடவையில். அன்றைக்கு அவள் விரித்ததைவிடப் பெரிய சிலுவை. இது மழை பெய்து கரையும்வரை கிடக்கும்.

"இனிமே எல்லாக் கிறிஸ்துமஸுக்கும் வூட்லதான் இருப்பேன், தபிதா" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான். கண் கிழக்கே இருந்தது.

இத்தனை வருஷம் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் அவன் முகத்தைப் பார்க்கையில், அந்தச் சுண்ணாம்பு முழுவதையும் காலால் அழித்துவிட மாட்டோமா என்று அவளுக்கு இருந்தது.

"இன்னும் சத்தம் கேக்குதாங்க?"

"ஆங், கேக்குது" என்றான் எலியாஸ்.

அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டு முடிகிறவரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.