ஒரு சொட்டு இறங்காது

"எங்க பையைத் தூக்கிக் கடல்ல போடுங்க. ஒரு வாரம் கழிச்சு எடுங்க. உள்ள ஒரு சொட்டுத் தண்ணி இருந்தா, இந்தக் கடையை உங்க பேருக்கே எழுதித் தர்றேன்!"

கடை திறந்த அன்று பைக்கடைக்காரர் நாற்காலி மேல் ஏறி நின்று அருளிய வாக்கு இது. கடல் அங்கிருந்து ஒரு நாள் பயணம் என்பதால் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. கடை அவர் பெயரிலேயே தங்கியது, பெயர்தான் தங்கவில்லை. தெரு அவரைச் 'சொட்டு' ஆக்கிவிட்டது. தலையில் சொட்டை வேறு இருந்ததால் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. கல்லாவில் உட்காரும் அவர் மனைவிக்கும் குறை வைக்கக் கூடாதே என்று, 'துளி' என்று சூட்டி மகிழ்ந்தார்கள்.

பையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நல்ல துணி. பின்கட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து கெட்டியாகத் தைத்தது. ஜிப்தான் வெறும் ஜிப். தூறலுக்கு அசைந்து கொடுக்காது; கொட்டுகிற மழையில் கொஞ்ச நேரம் நடந்தால் பல்லிடுக்கில் கசியும். இதைச் சொன்னால் யாரும் கடையைக் கொளுத்திவிடப் போவதில்லை. ஆனால் சொட்டுக்கு வாய் வரவில்லை.

வாய்க்கு வந்ததெல்லாம் வேறு. போர்டில் 'ஒரு சொட்டு இறங்காது'. நோட்டீஸில் 'வெள்ளத்திலும் மிதக்கும்'. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் காலையில் 'ஐந்து வருட உத்தரவாதம்', சாயங்காலம் 'ஆயுள் முழுக்க உத்தரவாதம்'.

"யாரோட ஆயுள்?" என்று துளி கேட்டாள். "பையோடதா, வாங்குனவங்களோடதா, இல்ல என்னோடதா? என்னோடதுன்னா இந்த மாசமே முடிஞ்சிடும்."

அவள் அலுப்புக்கும் காரணம் இருந்தது. விளம்பரம் அவருடையது, விளக்கம் அவளுடையது. நோட்டீஸைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவர் வந்து நிற்பார்.

"அக்கா, வெள்ளத்துல மிதக்கும்னு போட்டிருக்கே?"

"மிதக்கும்ங்க. உள்ள ஒண்ணும் வைக்காம இருந்தா."

அவர் போய்விடுவார். டீ குடித்துவிட்டு வருகிற சொட்டுக்கு மூக்கின்மேல் கோபம் வரும்.

"நீ உண்மையைச் சொல்லியே ஆளைத் துரத்துற."

"நீங்க கதையைச் சொல்லிக் கூட்டிட்டு வந்து என் முன்னாடி நிறுத்துறீங்க. திட்டு வாங்குறது யாரு?"

"விளம்பரம்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்."

"அப்படின்னா அப்படியே இருக்கட்டும், இப்படின்னா இப்படியே இருக்கட்டும். காலைல அப்படி, மத்தியானம் இப்படின்னா நான் எதைங்க மனப்பாடம் பண்றது?"

இந்தத் தத்துவ விசாரணை நடந்துகொண்டிருந்த காலத்தில் வியாபாரம் படுத்துவிட்டது. பின்கட்டில் மிஷின்கள் துணி மூடி உட்கார்ந்திருந்தன. தைக்கும் பெண்கள் இருவரும், "அண்ணி, நாங்க வேற இடம் பார்க்கட்டுமா?" என்று கேட்டேவிட்டார்கள். துளிக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் கூரியர் கம்பெனி மேனேஜர் அம்மாள் வந்தார். பார்சல் கொண்டுபோகும் தன் ஆட்கள் அத்தனை பேருக்கும் பை வேண்டுமாம். அந்த ஆர்டர் கிடைத்தால் மழைக்காலம் முழுக்க மிஷின்கள் ஓயாது. அவர் போர்டைப் படித்தார், நோட்டீஸைப் படித்தார், கல்லாவில் துளி சொன்னதையும் கேட்டார்.

"ஒரு கடைக்குள்ள மூணு பதில் இருக்கு. எனக்கு ஒண்ணுதான் வேணும். நாளைக்கு ரெண்டு பேரும் ஒரு பையையும் விலைத்தாளையும் எடுத்துக்கிட்டு ஆபீஸுக்கு வாங்க."

மறுநாள் வானம் இவர்களுக்காகவே காத்திருந்ததுபோல் ஊற்றியது. துளி வாசலில் குடை பிடித்து நின்றபடி கணவருக்குப் பாடம் எடுத்தாள்.

"மழைக்குத் தாங்கும், ரொம்பக் கொட்டுனா உள்ள ஒரு கவர் போட்டுக்கங்கன்னு சொல்லுங்க. அது போதும். அதுக்கே வாங்குவாங்க."

"சரி."

"கடல் வேண்டாம்."

"சரிங்கறேன்ல!"

பல் பிடுங்கப் போகிறவர் சொல்லும் 'சரி' அது. விலைத்தாளை எடுக்க உள்ளே போனவர் வரவே இல்லை. மேசை இழுப்பறை திறந்து திறந்து மூடும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னத்தைங்க உருட்டுறீங்க?"

"ஒண்ணுமில்ல, வந்துட்டேன்!"

பையை மார்பில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை ஓட்டினார். பின்னால் துளியின் குடை முதல் திருப்பத்திலேயே வேலையை ராஜினாமா செய்தது. மேனேஜர் அறையின் பளபளத்த தரையில் இருவரும் ஈரத் தடம் பதித்தபடி போய் உட்கார்ந்தார்கள். மேசைமேல் ஆர்டர் படிவம். மேனேஜர் கையில், மூடி கழற்றிய பேனா.

"சொல்லுங்க. இந்த மழைக்குத் தாங்குமா?"

துளி மேசைக்கடியில் கணவர் காலை மிதித்தாள். சொட்டு தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர்தான்; யாராவது கேள்வி கேட்டால் மட்டும் நாற்காலி மேல் ஏறிவிடுவார், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"மேடம், எங்க பையைத் தூக்கிக் கடல்ல போடுங்க..."

துளி கண்ணை மூடிக்கொண்டாள்.

விலைத்தாளை எடுக்க அவர் கை தானாக ஜிப்பைத் திறந்தது. வெளியே வந்தது ஒரு பிளாஸ்டிக் கவர். அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக ரப்பர் பேண்டுகள்.

"...ஒரு வாரம் கழிச்சு எடுங்க..." ஒரு ரப்பர் பேண்டு கழன்றது. இன்னொன்று கழன்றது. கவருக்குள் இன்னொரு கவர். "...உள்ள ஒரு சொட்டு..."

பேச்சு அங்கேயே நின்றது. கை மட்டும், ஆரம்பித்த வேலையை விட மனமில்லாமல், இரண்டாவது கவரையும் பிரித்தது.

மேனேஜர் படிவத்தில் ஒன்றும் எழுதாமலே பேனாவை மூடினார்.

"எனக்கு வேண்டிய பதில் கிடைச்சிடுச்சுங்க."

துளி கண்ணைத் திறந்து பார்த்தாள். விலைத்தாள் மேசைமேல் மொடமொடவென்று கிடந்தது. கவருக்குள் ஒரு சொட்டுகூட இறங்கியிருக்கவில்லை.