ஓனர் குடிக்காத தண்ணி

ஞாயிற்றுக்கிழமைக்குள் ரூமைக் காலி செய்யணும். இன்று ஆம்பூரில் ஒரு வீடு பார்க்கப் போனேன்.

வாசலிலேயே ஓனர் விசாரணையை ஆரம்பித்தார். "சொந்த ஊர் இன்னா?"

"அணைக்கட்டு சார்."

"அங்க எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். அதற்குத்தான் கேட்கிறார். பதிலுக்கு நானும் விசாரித்தேன்.

"தண்ணி எப்படி சார்?"

"போர் தண்ணிதான். அப்படியே குடிக்கலாம்."

குழாயைத் திறந்து என் காலி பாட்டிலில் பிடித்து அவரிடம் நீட்டினேன். "ஒரு வாய் குடிச்சிக் காட்டுங்க."

ஓனர் பாட்டிலைத் தொடவில்லை. அவர் வீட்டுப் படியில் நாலு தண்ணி கேன் அடுக்கியிருந்தது.

"இவ்ளோ பேசறவனுக்கு வீடு இல்ல, கெளம்பு."

"நீங்க குடுத்தாலும் வேணாம் சார்."

தெரு கேட்காமல், தன் வீட்டுக் குழாய்த் தண்ணியைத் தானும் குடிக்கிற ஓனர் ஆம்பூரில் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். நேரில் வந்து சோதித்துப் பார்ப்பேன்.