கற்பூரத் தட்டில் வைக்காத கை

பஞ்சாயத்துத் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது அதைப் பற்றிக் கூடிப் பேசியவர்கள் ஆண்கள். நாகலூருக்கு மேலே, காபி எஸ்டேட்டை ஒட்டிய எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். கோயில் வாசலில் தட்டில் கற்பூரம் ஏற்றுவார்கள். வீட்டுக்கு ஓர் ஆண் அதன்மேல் கைவைத்து, ஊர் சொல்லும் ஆளுக்கே ஓட்டு என்று சத்தியம் செய்ய வேண்டும். அந்த முறை ஊர் சொன்னது எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மனைவியை. ஊரில் பாதிப் பேருக்கு வேலை போடுவது ரைட்டர். போஸ்டரில் அவர் முகம்தான் பெரிது. வேட்பாளரின் முகம் ஓரத்தில் இருந்தது.

நானும் மனுத்தாக்கல் செய்திருந்தேன். எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தவள். நான் கேட்டவை மூன்று: தெருவிளக்கு எரிய வேண்டும், தண்ணீர் மோட்டார் ஓட வேண்டும், ஏற்காட்டிலிருந்து மாலையில் ஒரு பஸ் வர வேண்டும்.

யூடியூப் சேனல்காரர் ஒருவர் பேட்டி எடுக்க வந்தார். மோட்டாரைப் பற்றிச் சொன்னேன்.

"அது இருக்கட்டுங்க. கல்யாணம் எப்பங்க?"

"மோட்டார் ஓடுன மறுநாளுங்க."

'தேர்தலில் மலை அழகி' என்ற தலைப்போடு அந்த ஒரு பதில் மட்டும் எல்லார் போனிலும் ஓடியது.

சத்தியம் முடிந்து அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "கை வெச்சுட்டேன் கண்ணு. சாமி காரியம், மீற முடியாது."

அம்மா அடுப்பைவிட்டு எழுந்தார். "ஏனுங்க, நீங்க வெச்சீங்க, நீங்க காப்பாத்துங்க. என்னைய யாருங்க கூப்புட்டாங்க?"

"ஊட்டுக்கு ஒரு கை போதும்டி."

"அப்ப ஓட்டும் ஊட்டுக்கு ஒண்ணுதாங்களா?"

மறுநாள் குழாயடியில் அதே கேள்வியை நான் எல்லாப் பெண்களிடமும் கேட்டேன். "எங்கூட்டுக்காரரு சோறு திங்கறப்பக் கேக்கறேன், அப்பத்தான் வாயத் தொறக்க முடியாது" என்றார் ஓர் அக்கா.

தோற்றேன். ஆனால் ஊர் ஓட்டு முதல்முறையாகச் சிதறியது. "உங்கூட்டுச் சத்தியம் பொய்யாப் போச்சே" என்று ஊர்ப் பெரியவர் அப்பாவைக் கேட்டார். "நான் வெச்சது பொய்யாகலீங்க" என்றார் அப்பா. அது உண்மை. அவர் எனக்கு ஓட்டுப் போடவில்லை.

அடுத்து சட்டமன்றத் தேர்தல் வந்தது. இந்த முறை பெண்களையும் கோயிலுக்கு அழைத்தார்கள். ரைட்டர் தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சில கைகள் தட்டை நோக்கி நீண்டன. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்களுடைய வேலை ரைட்டர் கையில் இருக்கிறது.

தட்டு அம்மாவிடம் வந்தது. அம்மா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

"கையை வையிங்க" என்றார் பெரியவர்.

"கூப்புட்டதுக்கு வந்துட்டமுங்க. கை எங்களுதுங்க."

அடுத்து நான் நின்றிருந்தேன். தட்டு என் முன்னால் வந்து, கற்பூரம் அணையும்வரை அங்கேயே நின்றது.