பெட்டி மூடியில் இரண்டாம் பெயர்

ராசன் அண்ணை. சிவா. அன்ரன். நான். மதியச் சாப்பாட்டு மேசைக்கு நாலு பேர்.

நேற்று வீடு மாறுவதற்காகப் பெட்டிகளில் 'குசினி', 'குளிர் உடுப்பு' என்று எழுத ஒரு கறுப்பு மாக்கரைத் திறந்தேன். மணம் மூக்கில் ஏறியது. மற்ற மூன்று பேரும் நினைவில் வந்து முன்னால் இருந்துவிட்டார்கள். பாதிப் பெட்டி இன்னும் எழுதாமல் கிடக்கிறது.

நாங்கள் நாலு பேரும் வேலை செய்தது ஸ்காபரோவில் மட்டைப்பெட்டி செய்கிற ஒரு கொம்பனியில். நான் அடுக்குகிற பகுதி. எந்த நேரமும் சட்டைப் பையில் மாக்கர் இருக்கும். பட்டியல் எழுதுகிற வேலை என்னிடம் வந்தது அதனால்தான். என் கையெழுத்தைப் பார்த்தால் வேறு யாரும் தரமாட்டார்கள்.

என்ன பட்டியல் என்று கேட்பீர்கள். கால்பந்து. காலால் உதைக்கிறது இல்லை, முட்டை மாதிரிப் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இடித்து விழுத்துவார்களே, அது. பல்கலைக்கழகத்தில் ஆடி முடித்த பொடியன்களை லீக் அணிகள் வசந்தத்தில் முறை வைத்து ஒவ்வொருவராக எடுக்கும். அதுதான் டிராஃப்ட். யார் முன்னுக்குப் போவான், யார் பின்னுக்குப் போவான் என்று அதற்கு ஒரு மாதம் முன்பே சனம் சண்டை பிடிக்கத் தொடங்கிவிடும். நாங்களும் பிடித்தோம்.

இந்த நாட்டில் என் முதல் வேலை ஒரு மைதானத்தில் கதிரைகளுக்குக் கீழே கூட்டுவது. சோளப்பொரியும் பியர்க் கோப்பையும் கூட்டிக்கொண்டே ஆட்டத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான் என் படிப்பு. ஆனால் மேசையில் என்னை 'மைதானத்தில் வேலை செய்த ஆள்' என்பார்கள். கூட்டின கதையை நானும் அதிகம் சொல்லவில்லை.

பெட்டி மூடி ஒன்றில் பதினாறு பெயர் எழுதிச் சுவரில் ஒட்டுவோம். வெள்ளைக்காரப் பெயர்கள் வாயில் நிற்காது. கழுத்து இல்லாதவனுக்குக் கழுத்தன், மனிற்றோபாவில் இருந்து வந்தவனுக்குக் குளிரன் என்று நாங்களே வைத்தோம். ஒரு நாளைக்கு ஒரு பெயர்தான் ஏறலாம், அல்லது இறங்கலாம். அதற்கு நாலு பேரில் மூன்று பேரின் கரண்டி உயர வேண்டும். கை உயர்த்தினால் கறி ஒழுகும் என்று ராசன் அண்ணை கொண்டுவந்த சட்டம்.

"கழுத்தனுக்கு முழங்கால் நோ. இறக்குங்கோ," என்பான் சிவா. போனில் எல்லாம் வாசிக்கிறவன்.

"உனக்கும்தான் முழங்கால் நோ. உன்னை வேலையால நிப்பாட்டினவங்களோ?" என்பார் ராசன் அண்ணை.

அன்ரன் சிரிப்பான். அதிகம் பேசமாட்டான். அவனுடைய மகன் டிலக்சன் பல்கலைக்கழக அணியில் ஆடினான். பந்தோடு ஓடுகிறவனை மறித்து விழுத்துகிற இடம். அந்த வருடம் டிராஃப்டுக்கு அவனும் தகுதி.

பட்டியல் போட்ட முதல் நாள் அன்ரன் மைக்ரோவேவுக்கு முன்னால் எங்களுக்கு முதுகு காட்டி நின்றான்.

"அன்ரன்ர பொடியனை எங்க போடுறது?" என்றார் ராசன் அண்ணை, மெதுவாக.

"வெளியில வாற லிஸ்ட் ஒண்டிலயும் அவன்ர பேர் இல்லை அண்ணை," என்றான் சிவா.

"தேப்பன் எங்களோட இருந்து சாப்பிடுறான். கீழ போட்டா முகத்தை எப்பிடிப் பாக்கிறது? நாலாவதாப் போடு."

அவர் கரண்டி உயர்ந்தது. சிவா கூரையைப் பார்த்தபடி உயர்த்தினான். மூன்றாவது என்னுடையது. எழுதினேன்.

அன்ரன் சாப்பாட்டோடு வந்தான். மூடியைப் பார்த்தான். சாப்பாட்டுப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு என்னைத்தான் கேட்டான்.

"உண்மையாவோ அண்ணை?"

"ஓம்," என்றேன்.

சபையில் முன் கதிரை கொடுக்கிற மாதிரித்தான் நாங்கள் அந்த இடத்தைக் கொடுத்தோம். அவன் அதைக் கணிப்பு என்று எடுத்துக்கொண்டான். அடுத்த கிழமை டிலக்சன் மூன்றாவது. அதற்கடுத்தது இரண்டாவது. அன்ரன் ஒரு தடவையும் கரண்டி உயர்த்தவில்லை. "என்ர பிள்ளைக்கு நானே தூக்கினா வடிவில்லை," என்றான். அதனால் ஒவ்வொரு தடவையும் என் கரண்டி தேவைப்பட்டது. அவன் மீன் கட்லற் கொண்டுவரத் தொடங்கியிருந்தான். நல்ல கட்லற். மிளகு தூக்கலாக இருக்கும்.

டிராஃப்டுக்கு ஒரு கிழமை இருக்கும்போது, அதை எல்லோரும் இருந்து பார்க்கத் தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்துவிட்டதாக அன்ரன் சொன்னான். பெரிய திரை. சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. சிவா என்னைப் பார்த்தான். உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம். வாயில் கட்லற் இருந்தது.

டிராஃப்ட் அன்று பின்னேரம் மண்டபம் நிறைந்தது. ஜன்னலில் நல்ல வெளிச்சம். முதல் சுற்றில் கழுத்தன் போனான். முழங்கால் நோவோடுதான் போனான். குளிரனும் போனான். ஒவ்வொரு பெயருக்கும் அன்ரன் கதிரை நுனிக்கு வந்து, பிறகு பின்னால் சாய்ந்தான். மூன்றாம் சுற்றுக்குப் பிறகு சாயவில்லை.

டிலக்சன் பின் சுவரோடு நின்றான். என்னிடம் வந்தான்.

"அங்கிள், நான் செக்கண்ட் எண்டு நீங்களா அப்பாட்ட சொன்னது?"

"ஓம்."

"ஏன், அங்கிள்? நான் லிஸ்ட்லயே இல்ல எண்டு அவருக்கு எத்தனை தரம் சொன்னனான். மைதானத்தில வேலை செய்த ஆள் சொல்லுது, உனக்கென்ன தெரியும் எண்டார்."



கடைசிப் பெயரும் வாசித்து முடிந்தது. அன்ரன் எழும்பினான். "சாப்பாடு ஆறுது. எல்லாரும் வாங்கோ," என்றான். குரல் நன்றாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை அவன் வழமைபோல மேசைக்கு வந்தான். சாப்பிட்டான். பெட்டியை மூடினான். பிறகு முதல் தடவையாகக் கரண்டியை உயர்த்தினான்.

"டிலக்சன்ர பேரை வெட்டுங்கோ."

ராசன் அண்ணை உயர்த்தினார். சிவா உயர்த்தினான். என் கரண்டி சோற்றுக்குள் இருந்தது. மூன்று ஆகிவிட்டது. வெட்டினேன்.

அடுத்த மாதம் அவன் விடியப்புற வேலைக்கு மாறிவிட்டான். எங்கள் சாப்பாட்டு நேரத்தில் அவன் வீட்டுக்குப் போயிருப்பான். பிறகு பட்டியல் போடவில்லை. ராசன் அண்ணை காலமானார். சிவா அல்பேர்ட்டாவுக்குப் போனான். டிலக்சன் யூனியன்வில்லில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்குகிறான் என்று கேள்வி. கொம்பனி இருந்த இடத்தில் இப்போது சாமான் பூட்டி வைக்கிற அறைகள். என் கட்டிலும் அலுமாரியும் அங்கேதான் போகப்போகின்றன. அந்த மண்டபத்தையும் இடித்துவிட்டார்கள்.

டிராஃப்ட் முடிந்த அன்று, சனம் போன பிறகு நானும் டிலக்சனும் மண்டபத்துக் கதிரைகளை மடித்துச் சுவரோடு சாத்தினோம். அன்ரன் போட்டு வைத்த கதிரை எத்தனை என்று நான் எண்ணிக்கொண்டு வந்தேன்.

அறுபத்திநாலு.