சுவரில் கேட்ட சத்தம்

நான்கு வருடங்களுக்கு முன், கல்பாக்கத்தில் அணுமின் நிலையக் கட்டுமானம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, நாங்கள் சதுரங்கப்பட்டினத்தில் குடியிருந்தோம். நான் ஒரு காண்டிராக்டர் ஆபீசில் டைப்பிஸ்ட். மகள் பிறந்து லீவு முடிந்ததும், கைக்குழந்தையை விட்டுப்போக ஆளில்லை. வேலையை விடவும் மனமில்லை. மேனேஜர் பழைய டைப்ரைட்டர் ஒன்றை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். "இந்த மாசம் பார்ப்போம்மா. பேப்பர் நேரத்துக்கு வரலேன்னா வேற ஆள்தான் போடணும்" என்றார். அதே ஆபீசில் இருந்த என் கணவர் தாள்களை சைக்கிளில் கொண்டுபோய்க் கொண்டுவருவார்.

ஓர் அறை, ஒரு சமையலறை. மெஷினை எங்கே வைப்பது? ஜன்னலோரம் வைத்தால் கடல்காற்றில் கார்பன் தாள் பறந்தது. சமையலறையில் விறகடுப்புக் கரி வெள்ளைத் தாளில் படிந்தது. கடைசியில் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான சுவரை ஒட்டித்தான் இடம் கிடைத்தது. அங்கே வேறு கவலை. பக்கத்து வீட்டுக்காரர் விடியுமுன் கட்டுமரத்தில் கடலுக்குப் போய்வந்து பகலில் தூங்குவார். என் குழந்தை தூங்குவதும் அப்போதுதான்; எனக்கு அந்த நேரத்தை விட்டால் வேறு நேரமில்லை. மெஷினுக்கு அடியில் போர்வையை மடித்துப் போட்டு, பயந்து பயந்து அடிப்பேன்.

ஒரு நாள் சுவரில் டொம் டொம் என்று தட்டும் சத்தம். என் கை நின்றுவிட்டது. போய் மன்னிப்புக் கேட்கலாமா, கேட்டால் கோபம் அதிகமாகுமா என்று குழம்பி, மெஷினை மூடியவள் மறுநாளும் திறக்கவில்லை. அன்று மாலை கணவர் வந்து, நாளைக்குள் டெண்டர் தாள்கள் வராவிட்டால் மெஷினைத் திருப்பி அனுப்பும்படி மேனேஜர் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

அடுத்த நாள் மதியம், மீன் விற்றுத் திரும்பிய பக்கத்து வீட்டு அம்மாள் காலிக் கூடையோடு எங்கள் வாசலில் நின்றார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"இன்னா டைப்பு அம்மா, மெஷினு சத்தமே காணோம்? கொயந்தைக்கு ஒடம்பு சரியில்லையா?"

சுவர் தட்டியதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது.

"அய்ய, அது அவரு சட்டை மாட்ட நான் ஆணி அடிச்சது. அலையில கெடக்கிற ஆளு உன் மெஷினுக்கா முழிச்சிக்குவாரு? அவரு குறட்டை உனக்குக் கேக்கலியா?"

கேட்டிருக்கிறது.

"குடு கொயந்தைய. நீ அடி."

அவர் குழந்தையைத் தன் வீட்டுக்குத் தூக்கிப்போக, நான் போர்வையை உருவிப் போட்டுவிட்டு அடித்தேன். இரண்டு முறை எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன். குறட்டைக்குப் பக்கத்திலேயே என் மகள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பொழுது சாய்வதற்குள் தாள்கள் முடிந்தன; கணவர் வந்து அன்றே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தார். வேலையும் தங்கியது.

இப்போது குவார்ட்டர்சுக்கு வந்துவிட்டோம். மெஷினுக்கென்று தனி மேஜை, கனமான சுவர்கள். மகள் நர்சரிக்குப் போன பிறகு உட்கார்ந்து அடிக்கும்போது, அந்தக் குறட்டை இல்லாத மதியம் எனக்கு வெறிச்சென்று இருக்கிறது. யாரோ என்மேல் கோபமாக இருப்பதாக இன்றும் அடிக்கடி தோன்றத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் அந்த ஆணியை நினைத்துக்கொண்டு, நேரே போய்க் கேட்டுவிடுகிறேன்.