மாமாவும் அத்தையும் பிரேக்குக்கு ஏர் எடுத்த நாள்

ஸ்பேனர் இரும்பில் ஒரு முறை தட்டினால் மிதி, இரண்டு முறை தட்டினால் விடு. அரூரில் அத்தை வீட்டு வாசலில், ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு மாமா எழுப்பிய அந்தச் சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. கோயில் மணிக்குக்கூட நான் அப்படிச் சிலிர்த்ததில்லை. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு அரூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் முதல் வேலை கிடைத்தது. தங்கியது அத்தை வீட்டில். மாமா ஒரு பழைய ஜீப்பை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர்களுடைய ஒரே மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு சித்தேரி மலைப் பக்கம் போய்விட்டாள். இனி அவள் இந்த வீட்டுக்கு வரக் கூடாது என்று மாமா சொல்லிவிட்டார். "எம் மக வராத வூட்ல எனக்கு என்ன பேச்சு" என்று அத்தை அன்றோடு அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சமைத்தாள், துணி துவைத்தாள், வெந்நீர் வைத்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை. நான் வந்தது இருவருக்கும் வசதியாகப் போயிற்று. எதிரே தட்டின் முன் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்காமல், "உங்க மாமாவ இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்திக்கச் சொல்லு" என்பாள் அத்தை. "போதும்னு சொல்லு பாப்பா" என்பார் மாமா. வகுப்புப் பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பதைவிட இந்தத் தூது எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

தீர்த்தமலைக் கோயிலில் விசேஷமான ஒரு நாள் காலையில், மகள் வாழப்போன மலையூரிலிருந்து ஓர் ஆள் வந்து வாசலில் நின்றார். மகளுக்கு முந்தின நாளிலிருந்து இடுப்பு வலியாம். பிள்ளை தலை திரும்பவில்லை என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தால்தான் உண்டு. ஊரில் இருந்த வாடகை வண்டியெல்லாம் தீர்த்தமலைக்குப் போயிருந்தது. மாமாவின் ஜீப் மட்டும் போகாததற்குக் காரணம் அதற்குப் பிரேக் இல்லாததுதான். முந்தின சாயங்காலம்தான் சக்கரங்களுக்குள் இருக்கும் பிரேக் ரப்பர்களை மாற்றியிருந்தார். அதில் குழாய்க்குள் காற்று ஏறியிருந்தது. மிதித்தால் பெடல் சொதக்கென்று அடிவரைக்கும் போயிற்று. அந்த வண்டியை வைத்துக்கொண்டு மலை ஏறிவிடலாம், இறங்க முடியாது.

மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்பேனரோடு ஜீப்புக்கு அடியில் போய்விட்டார். அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து, யாரும் கூப்பிடாமல் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பேச்சு இருந்த காலத்தில், குழாய்க் காற்றை வெளியேற்றி ஏர் எடுக்கும்போதெல்லாம் பெடல் மிதித்தது அவள்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. குறையக் குறைய ஊற்றுவதற்குப் பிரேக் ஆயில் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

கேட்பதற்கு எளிய வேலை. மேலே இருப்பவர் பெடலை மிதித்து அப்படியே பிடிக்க வேண்டும். கீழே இருப்பவர் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள நிப்பிள் என்கிற சின்னக் குழாய்முனையை ஸ்பேனரால் திறப்பார், குமிழி குமிழியாகக் காற்றும் எண்ணெயும் சீறி வரும். அவர் மூடிய பிறகே பெடலை விட வேண்டும். முன்னால் விட்டால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், பட்ட பாடெல்லாம் வீண். "எண்ணைய அமுக்க முடியாது பாப்பா, காத்த அமுக்கிரலாம். உள்ள துளி காத்து இருந்தாலும் நீ மிதிக்கறது சக்கரத்துக்குப் போயே சேராது" என்று மாமா முன்பு ஒருநாள் சொல்லியிருக்கிறார்.

"பாப்பா, மிதிக்கச் சொல்லு" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "மிதிக்கணுமாம் அத்தை" என்றேன். "மிதிச்சிட்டேன்னு சொல்லு" என்றாள். "மிதிச்சிட்டாங்க மாமா" என்றேன். அவர் சொல்லி, நான் சொல்லி, அவள் செய்வதற்குள் கை முந்தியது, கால் பிந்தியது. அவர் திறந்துவைத்திருக்கும்போதே இவள் காலை எடுத்துவிட்டாள். எடுத்த காற்றெல்லாம் திரும்ப உள்ளே போயிற்று. மலையூர்க்காரர் வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் தூதால் அங்கே ஓர் உயிர் போய்விடுமோ என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த முறை கீழேயிருந்து குரலுக்குப் பதிலாக, வண்டியின் இரும்பு அடிச்சட்டத்தில் டங்கென்று ஒரு தட்டு. அத்தை மிதித்துப் பிடித்தாள். உஸ்ஸென்று எண்ணெய் சீறி, நிப்பிள் மூடிற்று. டங், டங். அத்தை காலை எடுத்தாள். அதன் பிறகு என்னை யாரும் கேட்கவில்லை. கோபத்தில் இருந்த இரண்டு பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத இடத்தில், கையும் காலுமாக அப்படி இணங்கிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயில் ஊற்றக்கூட மறந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. மூன்றாவது சக்கரத்துக்கு வரும்போது தட்டு விழும் முன்பே அவள் பாதம் பெடல்மேல் காத்திருந்தது.

நாலு சக்கரமும் முடிந்தன. ஆனால் பிரேக் இறுகிவிட்டதா என்று கீழே இருப்பவருக்குத் தெரியாது, மிதித்தவர்தான் சொல்ல வேண்டும். மாமா கேட்கவில்லை. என்னிடமும் கேட்கச் சொல்லவில்லை. படுத்தபடியே இருந்தார். அத்தை ஒரு முறை மிதித்தாள், இன்னொரு முறை அழுத்தி மிதித்தாள்.

"போதுங்க. கல்லாட்டம் நிக்குது. வெளிய வாங்க" என்றாள்.

மாமா வெளியே வந்து, கண்ணில் தூசி விழுந்துவிட்டதாக என்னிடம் சொன்னார். நானும் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பிறந்தவன் இப்போது ஓசூரில் வேலையில் இருக்கிறான். அவன் காரில் பிரேக்கைத் தொட்டாலே வண்டி நின்றுவிடுகிறது. அதில் ஏறும்போதெல்லாம் அன்றைக்கு மகளை ஏற்றிக்கொண்டு நாங்கள் இறங்கிய அந்த மலை இறக்கம்தான் எனக்கு நினைவுக்கு வரும். பின்னால் மகள் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். முன்னால் மாமாவுக்குப் பக்கத்தில் அத்தை. அவர் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு வளைவிலும் அத்தையின் கால், பெடல் இல்லாத தன் பக்கத்து வெறும் தகரத்தை அழுத்தி மிதித்தது. செங்குத்தான ஒரு திருப்பத்தில் ஜீப் சரளைக்கல்லில் சறுக்கியபோது மகள் என் கையை இறுக்கினாள்.

"அப்பா, பிரேக் புடிக்குமாப்பா?" என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அவரிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"உங்கம்மா மிதிச்சுக் குடுத்தது கண்ணு. புடிக்கும்" என்றார் மாமா.